அரிட்டாபட்டியில் ஒரு நாள்: என்ன பார்ப்பது, எப்படிப் பார்ப்பது?

நீங்கள் கேட்டது இது: பொங்கல் விடுமுறைக்கு மதுரை வருகிறீர்கள். டங்ஸ்டன் போராட்டச் செய்திகளைப் படித்ததிலிருந்து அரிட்டாபட்டியைப் பார்க்கும் ஆசை. கூடவே மனைவியும் பத்து வயது, ஏழு வயதுப் பிள்ளைகளும். "ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம், பெரிதாக ஒன்றும் இல்லை" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சுற்றுலாத் தலம் அல்லாத ஊருக்குள் இப்படிப் போய் நிற்பது முறைதானா என்ற கூச்சமும் உங்களுக்கு இருக்கிறது.

கூச்சம் இருப்பது நல்லது. அதை அப்படியே கொண்டு வாருங்கள்.

அந்த ஒரு மணி நேரக் கணக்கு எப்படி வருகிறது என்று எனக்குத் தெரியும். காரை நிறுத்தி, குகையின் முன் ஒரு படம், குடைவரைக் கோயிலின் முன் ஒரு படம், "எங்கே பறவை? ஒன்றையும் காணோமே" என்று ஒரு சலிப்பு, முடிந்தது. நானும் முதல் தடவை அப்படித்தான் வந்து போனேன். மூன்றாம் முறை கார்த்திகை மழையில் மாட்டிக்கொண்டு பாறையின் கீழ் ஒதுங்கியபோதுதான் ஊர் பிடிபட்டது. மலையின் வழுக்குப் பாறையில் நூறு வெள்ளிக் கோடுகளாக மழை இறங்கியது. கோடுகள் கூடி ஓடையாகி, ஓடை கண்மாய்க்குள் போனது. அந்த ஊரில் பார்க்க இருப்பதெல்லாம் அந்த ஓட்டத்தின் கரையில்தான் இருக்கின்றன. சமணர் படுக்கை, சிவன் கோயில், வயல், வல்லூறு என்று தனித்தனியாகப் பட்டியல் போட்டுப் பார்த்தால் ஒரு மணி நேரம் போதும். மழை போகும் வழியில் நீங்களும் நடந்தால் ஒரு பகல் பத்தாது.

நாளைப் பற்றி முதலில். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு வருகிறீர்கள் என்பதால் பருவம் சரி. ஆனால் மாட்டுப் பொங்கலன்றும் மறுநாளும் வேண்டாம். மேலூர் வட்டாரம் முழுக்க மாடும் மஞ்சுவிரட்டும் சொந்தபந்தமுமாக இருக்கும் நாட்கள் அவை. வேடிக்கை பார்க்க வந்தவருக்கு வழி காட்ட யாருக்கும் நேரம் இருக்காது, இருக்கவும் கூடாது. இரண்டு மூன்று நாள் கழித்து, விடிந்ததும் வந்து சேர்வதுபோல் புறப்படுங்கள். பாறை ஒன்பதரை, பத்து மணிக்கே சுட ஆரம்பித்துவிடும். தை மாதம்தானே என்று நினைக்காதீர்கள். மரநிழல் இல்லாத கல்லுக்குத் தையும் ஒன்றுதான், சித்திரையும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ஊர் மதுரையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர், மேலூர் வட்டத்தில் இருக்கிறது. திருச்சி நெடுஞ்சாலையில் வரும்போது வெள்ளரிப்பட்டி என்று ஒரு பெயர்ப்பலகை வரும். யாரும் திரும்பிப் பார்க்காத ஊர். இங்கிருந்து பக்கத்தில் உள்ள மாங்குளம் மலையில் தமிழகத்தின் மிகப் பழைய தமிழி (தமிழ் பிராமி) கல்வெட்டுகளில் சில இருக்கின்றன. 1882இல் ராபர்ட் சீவெல் அவற்றை முதலில் பதிவு செய்தார். நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயர் கல்லில் கிடைத்தது அங்கேதான். அந்தக் கல்வெட்டுகளில் 'வெள்அறை நிகமதோர்' என்றும் ஒரு தொடர் வருகிறது. வெள்ளறை என்ற ஊரின் வணிகர் குழுவினர் என்று பொருள். அந்த வெள்ளறைதான் இந்த வெள்ளரிப்பட்டி என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வணிகர் சங்கம் வைத்திருந்த ஊரை எண்பது கிலோமீட்டர் வேகத்தில் தாண்டுகிறோம் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அவர்கள் நம்ப மாட்டார்கள், பரவாயில்லை.

மேலூர்ப் பக்கம் சாலையோரங்களில் பெட்டி பெட்டியாக வெட்டி அடுக்கிய கிரானைட் பாளங்களும் கண்ணில் படும். அவையும் ஒரு காலத்தில் மலைதான். மதுரை மாவட்ட கிரானைட் முறைகேடுகளை விசாரிக்கச் சென்னை உயர் நீதிமன்றம் 2014இல் ஐ.ஏ.எஸ். அதிகாரி சகாயத்தைச் சட்ட ஆணையராக நியமித்ததை நீங்கள் படித்திருப்பீர்கள். அந்தப் பாளங்களைப் பார்த்துவிட்டு அரிட்டாபட்டிக்குள் நுழைவது நல்லது. உள்ளே முழுசாக நிற்கும் மலைகளின் அருமை அப்போதுதான் உறைக்கும்.

ஊரில் மலைகள் ஏழு. எல்லாம் தனித்தனியாகச் சமவெளியிலிருந்து எழும்பி நிற்கும் மொட்டைப் பாறைகள். நீங்கள் முதலில் போக வேண்டியது கழிஞ்சமலைக்கு. உச்சிவரை ஏற வேண்டியதில்லை. பாறை ஓரிடத்தில் முன்னே துருத்திக் கூரைபோல் நிற்க, அதன் கீழ் இயற்கையான குகை. கல்லைச் செதுக்கி வழவழப்பாக்கிய படுக்கைகள் உள்ளே இருக்கின்றன. எல்லாரும் படுக்கையைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் அண்ணாந்து குகையின் நெற்றியைப் பாருங்கள். இந்த மாதிரிச் சமணக் குகைகளில் முகப்புப் பாறையில் நீளவாக்கில் ஒரு காடி வெட்டியிருப்பார்கள். மேலே இருந்து வழியும் மழைநீர் பாறையைத் தொட்டுக்கொண்டே உள்ளே வராமல், அந்தக் காடியில் அறுபட்டு வெளியே சொட்டும். வீட்டு ஜன்னல் சன்ஷேடின் அடிப்பக்கம், மழைத்தண்ணீர் சுவருக்கு வழியாமலிருக்கக் கொத்தனார் விடும் பள்ளம் செய்வதும் இதே வேலைதான். துறவிகளுக்கு இடம் கொடுத்தவர்கள் படுக்கைக்குப் பட்ட பாட்டை இந்தக் காடிக்கும் பட்டிருக்கிறார்கள்.

கல்வெட்டும் அந்த நெற்றியில்தான். 1971இல் ஒன்று கண்டறியப்பட்டது, 2003இல் இன்னொன்று. முதலாவதைக் கொடுத்தவன் நெல்வெளி என்ற ஊரைச் சேர்ந்த செழியன், அதினன் வெளியன். இரண்டாவதைக் கொடுத்தவன் இலஞ்சியைச் சேர்ந்த எமயவன். 'முழாகை கொடுபிதோன்' என்று முடிகிறது முதல் கல்வெட்டு. முழை என்றால் பழந்தமிழில் குகை, குகையைச் செய்து கொடுத்தவன் என்று அர்த்தம். எனக்குப் பிடித்தது அந்த இரண்டு ஊர்ப்பெயர்கள். ஒன்றில் நெல் இருக்கிறது. இலஞ்சி என்றால் குளம். நெல்லூர்க்காரன் ஒருவன், குளத்தூர்க்காரன் ஒருவன், மழைக்கு ஒதுங்க முழை அமைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஊர்கள் இன்றைய எந்த ஊர்கள் என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. இந்தப் பெயர்ப் பொருத்தத்துக்கு ஆராய்ச்சி மதிப்பு ஏதுமில்லை என்பதும் தெரியும். ஆனாலும் அந்தப் பாறையின் கீழ் நிற்கும்போது தோன்றாமல் இருக்காது.

எழுத்தைத் தேடும்போது ஒரு எச்சரிக்கை. தெளிவாகத் தெரியவில்லையே என்று தண்ணீர் ஊற்றித் துடைப்பது, சாக்பீஸ் தேய்ப்பது, கையால் தடவுவது எதுவும் கூடாது. காலைச் சாய்வெயிலில் கண் பழகினால் தானாகத் தெரியும்.

அதே மலையில் சமணர் வணங்கும் தீர்த்தங்கரர் ஒருவரின் புடைப்புச் சிற்பம் இருக்கிறது. அதன் கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் ஒரு கல்வெட்டு. குகைக் கல்வெட்டுக்கும் இதற்கும் ஆயிரம் ஆண்டு இடைவெளி. 9, 10ஆம் நூற்றாண்டு வாக்கில் மதுரையைச் சுற்றிய மலைகளில் பல திருமேனிகளைச் செய்வித்த அச்சணந்தி என்ற சமணத் துறவிதான் இதையும் செய்வித்தவர். மலையைத் திருப்பிணையன் மலை என்கிறது கல்வெட்டு. கடைசியில், இந்தத் திருமேனி பாதிரிக்குடியாரின் ரட்சை என்கிறது. அதாவது இதைக் காப்பது இன்ன ஊராரின் பொறுப்பு என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

குடைவரைச் சிவன் கோயிலை ஊரில் இடைச்சி மண்டபம் என்பார்கள். முற்காலப் பாண்டியர் காலம், 7, 8ஆம் நூற்றாண்டு. லிங்கத்தையும் வெளியிலிருந்து கொண்டுவந்து வைக்கவில்லை, அதே பாறையில் செதுக்கியிருக்கிறார்கள். வாயிற்காவலர்களைத் தாண்டி, முகப்பின் பக்கங்களைப் பாருங்கள். ஒருபுறம் பிள்ளையார். இன்னொருபுறம் இருப்பவர் இலகுலீசர். பாசுபதம் என்ற பழைய சைவப் பிரிவின் குரு, குஜராத் பக்கம் தோன்றியவர் என்பது மரபு. கையில் தடி இருப்பதுதான் அடையாளம். தமிழ்நாட்டில் இலகுலீசர் சிற்பம் அரிது. பலர் இவரை யாரோ முனிவர் என்று நினைத்துத் தாண்டிப் போகிறார்கள்.

சரி, இப்போது இறங்குங்கள். இறங்கும் முன் ஒரு விளையாட்டு. பிள்ளைகளிடம் பாட்டிலில் இருந்து ஒரு மூடி தண்ணீரைப் பாறையில் ஊற்றச் சொல்லி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். மண் இருந்தால் உறிஞ்சும். மொட்டைப் பாறை உறிஞ்சாது, விழுந்ததை எல்லாம் அப்படியே கீழே தள்ளிவிடும். பள்ளம் உள்ள இடத்தில் தேங்கினால் சுனை, விரிசலில் இறங்கி வேறெங்காவது கசிந்தால் ஊற்று, மீதி எல்லாம் ஓடை. இந்த மலைகள் 72 நீர்நிலைகளுக்கும் 200 ஊற்றுச் சுனைகளுக்கும் மூன்று தடுப்பணைகளுக்கும் நீர் தருகின்றன என்று அரசின் குறிப்பு சொல்கிறது. 72 ஏரி என்றதும் வீராணம் மாதிரி நினைத்துவிடாதீர்கள். சிறு கண்மாய், ஊரணி, குட்டை எல்லாம் அந்தக் கணக்கில் வரும்.

இவற்றில் பெயர் பெற்றது ஆனைகொண்டான் கண்மாய். அதன் கரையில் நடக்காமல் திரும்பினால் நீங்கள் அரிட்டாபட்டியைப் பார்க்கவில்லை என்றே சொல்வேன். இதை 16ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் கட்டினார்கள் என்று அரசுக் குறிப்பிலிருந்து எல்லாரும் எடுத்துப் போடுகிறார்கள். 16ஆம் நூற்றாண்டில் மதுரை விஜயநகரத்தின் கீழும் பிறகு நாயக்கர்களிடமும் இருந்தது, பாண்டியர் வழியினர் தென்காசிப் பக்கம் ஒதுங்கிவிட்டார்கள். ஆகவே நூற்றாண்டு, அரசர் இரண்டில் ஒன்று இடிக்கிறது. பிள்ளைகளிடம் 'பல நூறு ஆண்டுப் பழசு' என்று சொன்னால் போதும்.

கண்மாய் என்பது தோண்டிய பள்ளம் இல்லை. வாட்டத்தில் வரும் தண்ணீருக்குக் குறுக்கே வில்போல வளைந்த ஒரு மண்கரை, மலைப்பக்கம் முழுக்கத் திறப்பு. கரையில் நடக்கும்போது மூன்று விஷயங்களைத் தேடுங்கள். ஒன்று வரத்துக்கால், தண்ணீர் உள்ளே வரும் வழி. இரண்டு மடை, வயலுக்கு விடும் வழி. பழைய கண்மாய்கள் சிலவற்றில் கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி, நீருக்குள் இரண்டு கல்தூண் நின்று குறுக்கே கல் பாய்ந்திருக்கும். அது குமிழி. அதன் அடியில் மேல்துளை நல்ல நீருக்கு, கீழ்த்துளை சேற்றுக்கு. திறந்தால் தண்ணீரோடு சேறும் தானாக வெளியேறும். தூர்வார ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் ஒப்பந்தம் விடும் காலத்தில் இதை நினைத்தால் கொஞ்சம் சிரிப்பு வரும்.

மூன்றாவது கலுங்கு. கண்மாய் நிறைந்தபின் மிச்சம் வழியும் கல் கட்டுமானம். மேலே வரிசையாகக் குத்துக்கற்கள் நிற்கும் கலுங்கு பல ஊர்களில் உண்டு. மழை முடியும் தறுவாயில் அந்தக் கற்களுக்கு இடையே மண்ணை அடைத்தால் இன்னும் ஒரு முழம் தண்ணீர் கூடுதலாக நிற்கும். எப்போது அடைப்பது என்பதில்தான் மதி இருக்கிறது. அவசரப்பட்டால் கரை உடையும், தாமதித்தால் தண்ணீர் போய்விடும். கலுங்கு வழிந்து போகும் மறுகால் நீர் வீணாவதில்லை, கீழே உள்ள அடுத்த கண்மாய்க்கு அதுதான் வரத்து. ஒரு ஊரின் மிச்சம் அடுத்த ஊரின் மூலதனம். இந்தச் சங்கிலியில் ஒரு மலையை வெட்டினால் எத்தனை கலுங்கு வறளும் என்று கணக்குப் போடும் அறிவு அங்கே ஆடு மேய்க்கும் எவருக்கும் உண்டு.

அதனால்தான் அந்தப் போராட்டம். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியிலும் மீனாட்சிபுரத்திலுமாக 193.215 ஹெக்டேரைத் தமிழக அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மாநிலத்தில் முதலாவது அதுதான். இரண்டே ஆண்டில், 2024 நவம்பர் 7 அன்று, நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்ததாகச் செய்தி வந்தது. சுமார் 2,015 ஹெக்டேர், அந்தத் தலமும் அதற்குள் அகப்பட்டது. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று மேலூர்ப் பகுதி மக்கள் ஆயிரக்கணக்கில் மதுரைக்குப் பேரணியாக வந்தார்கள். ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. இந்த ஊர்களில் தண்ணீர் விஷயத்தில் விட்டுக்கொடுக்கும் பேச்சு எடுபடாது. பாதிரிக்குடியார் ரட்சை என்று கல்லில் இருந்ததே, அதுதான் ஞாபகம் வந்தது எனக்கு.

பறவைக்கு வருகிறேன். சுமார் 250 வகைகள் பதிவாகியிருக்கின்றன. பேர்போனவை மூன்று: லகர் வல்லூறு, ஷாகின் வல்லூறு, ராசாளிப் பருந்து. மூன்றும் செங்குத்துப் பாறை விளிம்புகளை விரும்புபவை, நீங்கள் வரும் மாதங்கள் அவை கூடு வைத்துக் குஞ்சு பொரிக்கும் காலம். கூட்டுக்குப் பக்கத்தில் ஆள் ஏறினால் தாய்ப்பறவை எழுந்து போய்விடும், முட்டை வெயிலில் கிடக்கும். ஆகவே பாறை விளிம்புக்கு ஏறாதீர்கள். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். ஒரு சாதாரண பைனாகுலர் போதும், கண்மாய்க்கரையில் நின்று மலையின் விளிம்பைப் பாருங்கள். புறாக்கூட்டம் திடீரென்று சிதறினால் மேலே யாரோ வந்துவிட்டார் என்று அர்த்தம். தேவாங்கும் அழுங்கும் (எறும்புதின்னி) இருக்கின்றன என்று படித்திருப்பீர்கள். இரண்டும் இரவில் நடமாடுபவை, அவற்றை எதிர்பார்த்து வரவேண்டாம். மலைப்பாம்பும் உண்டு. புதர், பாறை இடுக்குகளில் பிள்ளைகள் கை விட வேண்டாம்.

இனி உங்கள் கூச்சத்துக்கு. வந்ததும் நேரே மலைக்கு வண்டியை விடாதீர்கள். ஊருக்குள் டீக்கடையில் இறங்கி, டீ குடித்து, இன்னார், இன்ன ஊர், மலையையும் கண்மாயையும் பார்க்க வந்தோம் என்று நீங்களாகச் சொல்லுங்கள். சுரங்க விவகாரத்துக்குப் பிறகு, கேமராவும் கையுமாக மலையைச் சுற்றும் அந்நியரைப் பார்த்தால் 'அளக்க வந்தவனோ' என்று சந்தேகம் வருவது நியாயம். ஒருமுறை நான் கலுங்கின் அகலத்தைக் காலடியால் எண்ணிக்கொண்டிருந்தேன். விறகுக்கட்டோடு வந்த ஒரு அப்பத்தா நின்று, "ஏப்பா, என்னத்த அளக்குற? யாரு சொல்லி அளக்குற?" என்றார். "சும்மா பார்க்கிறேன் அப்பத்தா" என்றேன். "சும்மா பாக்குறவன் காலடி எண்ண மாட்டான்" என்றார். விளக்கிச் சொன்னபின் சிரித்துவிட்டு, எந்த ஆண்டு கலுங்கு வழிந்தது, எந்த ஆண்டு வழியவில்லை என்று அரைமணி நேரம் சொன்னார். எந்தப் பலகையிலும் இல்லாத தகவல் அது.

ஊர்க்காரர் ஒருவர் கூட வந்தால் ரொம்ப நல்லது, வழியும் தப்பாது. அவர் நேரத்துக்குரியதைக் கூச்சப்படாமல் கேட்டுக் கொடுங்கள். ஆட்களைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள், குறிப்பாக நடவு, அறுப்பு வேலையில் நிற்கும் பெண்களை. வரப்பில் எதிரே சுமையோடு வருபவருக்கு நீங்கள்தான் வயலில் இறங்கி வழிவிட வேண்டும். கோயில் எல்லை வந்தால் கூட வருபவர் செருப்பைக் கழற்றுகிறாரா என்று பார்த்து அதையே செய்யுங்கள். மேலூர்ப் பக்கத்துக் கோயில் காடுகளில் ஒரு சுள்ளியைக்கூட ஒடிக்க மாட்டார்கள். ஊரணியில் காலை நனைக்காதீர்கள், சில ஊர்களில் அது இன்னும் குடிதண்ணீர். தண்ணீரும் மத்தியானச் சாப்பாடும் கையோடு வரட்டும், காலி பாட்டிலும் பொட்டலமும் உங்களோடே திரும்பட்டும்.

அதே நாளில் மாங்குளம் மலையையும் சேர்த்துப் பார்க்கலாமா என்று கேட்பீர்கள். ஏழு வயதுப் பிள்ளையோடு வேண்டாம். அது தனி ஏற்றம், அதற்குத் தனியாக ஒரு காலை வேண்டும். அதைவிட, பங்குனி, சித்திரையில் இன்னொரு நடை வர முடிந்தால் வாருங்கள். அறுப்பு முடிந்து கண்மாய் வற்றும் நேரம். மேலூர், சிங்கம்புணரி வட்டாரத்தில் ஊர்ஊராக மீன்பிடித் திருவிழா நடக்கும். பெரியவர் ஒருவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும், காத்திருக்கும் மொத்தக் கூட்டமும் ஊத்தாக் கூடையும் வலையுமாக ஒரே பாய்ச்சலாக உள்ளே இறங்கும். எந்த ஊரில் என்றைக்கு என்பது முதல்நாள்தான் தெரியும். டீக்கடையில் பழகி வைத்த ஒருவரின் எண் உங்களிடம் இருந்தால் உங்களுக்கும் தெரியும்.

இந்த முறைக்கு, மாலை ஐந்து மணிக்கு ஆனைகொண்டான் கரைக்கே திரும்பி வந்து உட்காருங்கள். மாடுகள் தண்ணீருக்கு இறங்கும், கொக்குகள் மரத்துக்குத் திரும்பும், காலையில் நீங்கள் நின்ற பாறை எதிரே சிவக்கும். அந்த ஒரு மூடி தண்ணீர் இப்போது எங்கே இருக்கும் என்று பிள்ளைகள் கேட்கலாம். வெயிலில் ஆவியாகியிருக்கும் என்று உண்மையைச் சொல்லிவிடுங்கள். மழைக்காலமாக இருந்தால் எங்கே போயிருக்கும் என்று அவர்களையே கைகாட்டச் சொல்லுங்கள்.